பார்க்காத படத்துக்குப் போட்ட மார்க்கு

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் மாவு மில்லில் கூட்டம் இருக்காது. வீடு கழுவி, விளக்குத் துலக்கி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் பெண்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதுவரை நான் மிஷினைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்து, பத்தி கொளுத்திவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்ப்பேன். பத்திரிகைக்காரர்களுக்கு முந்தின நாளே போட்டுக் காட்டிவிடுவதால், அன்றைக்கு வெளியாகும் படத்துக்கு யார் யார் எவ்வளவு மார்க்கு போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். ஒருவர் ஐந்துக்கு இரண்டரை போட்டிருப்பார். இன்னொருவர் மூன்றேகால். வேறொருவர் ஒன்றரை போட்டு, இயக்குநரைத் திட்டியிருப்பார்.

நான் எட்டாவது வரை படித்தவன். வேகமாகப் படிக்க வராது. ஒரு விமர்சனத்தைப் படிக்கப் பத்து நிமிடமாகும். அப்படி ஏழெட்டு விமர்சனங்களை எழுத்து விடாமல் படிப்பேன். படித்து முடித்ததும் என் மனதில் ஒரு மார்க்கு வரும். முதல் காட்சி விட்டதும் அதையும் நாலு வரியையும் எங்கள் சினிமா குரூப்பில் போடுவேன். ‘மில்லு மார்க்கு வந்துருச்சு’ என்று ஆட்கள் கூடிவிடுவார்கள்.

மூன்று வருடம் இப்படிப் போட்டேன். அதில் ஒரு படத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டும். என் மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தையில்லை. திருச்சியில் ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி அலைந்தார்கள். நானும் என் மனைவியும் நார்த்தாமலை ஆத்தாவுக்குச் செய்யாத வேண்டுதல் இல்லை. பால்குடம் எடுத்தோம். முடி கொடுத்தோம். நான் அக்கினிச் சட்டி எடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் சந்நிதியில் நிற்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. இதெல்லாம் ஊரே கொடுப்பது. எனக்கென்று உயிராக இருக்கிற ஒன்றை நான் இன்னும் கொடுக்கவில்லையே.

எனக்கு உயிராக இருந்தது சினிமா. பீடி, வெற்றிலை, சீட்டு எதுவும் கிடையாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து வாரம் ஒரு படம். கல்யாணமான மறுநாளே மனைவியைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் காலைக் காட்சியும் மதியக் காட்சியும் பார்த்தவன் நான். அவள் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள். அப்போதெல்லாம் வாரப் பத்திரிகையில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க்கு போடுவார்கள். நாற்பத்திரண்டு சரியா, நாற்பத்தைந்து போட்டிருக்கலாமா என்று டீக்கடையில் சண்டை போட்டுவிட்டு மில்லைத் திறக்க மறந்த நாள் உண்டு.

“ஆத்தா, எம் மகளுக்கு ஒரு புள்ளையக் குடு. நான் சினிமாவ விட்டுர்றேன்” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வெளியே வந்து மனைவியிடம் சொன்னதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“எத்தன வருசத்துக்குன்னு சொன்னீங்க?”

“அதெல்லாம் சொல்லல.”

“கெடு சொல்லாமலா வேண்டுவாக? ஒரு வருசம், மூணு வருசம்னு சொல்ல வேணாமா? கறி திங்கமாட்டேன்னு வேண்டுனா ஒரு மண்டலம்னு சொல்லுவோம்ல?”

அவள் சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் யாரும் கெடு வைக்காமல் வேண்டமாட்டார்கள். நான் அவசரத்தில் விட்டுவிட்டேன். திரும்ப உள்ளே போய்க் கெடு வைக்கலாமா என்று யோசித்தேன். கொடுத்த கை மூடுவதற்குள் பாதியைத் திருப்பிக் கேட்பது மாதிரி இருந்தது. பேசாமல் பஸ் ஏறிவிட்டோம்.

அடுத்த வருடமே மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. இதை நான் எப்படிப் பிறத்தியாருக்கு விளக்குவேன்? டாக்டர் கெட்டிக்காரர் என்று மருமகன் சொல்கிறார். இருக்கட்டும். என் பங்குக்கு நான் சொன்னது சொன்னதுதான். தியேட்டர், டிவி, போன் எல்லாவற்றிலும் படம் பார்ப்பதை நிறுத்தினேன். எங்கள் வீட்டு டிவியில் படம் ஓடினால் நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

அப்போது எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. குழந்தைக்கு ஐந்து மாதமானதும் மகள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஓசூரில் அவளும் மருமகனும் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? என் மனைவி போனாள். மூன்று மாதம் என்று போனவள், வருடத்துக்கு இரண்டு தடவை வந்து, பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போவாள். ஆத்தா கேட்டதைக் கொடுத்தாள். அதோடு என் வீட்டில் பேச்சுத் துணையும் போயிற்று, சினிமாவும் போயிற்று. குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். காலையில் சாதம் வடித்து, அதையே மதியமும் ராத்திரியும் சாப்பிட்டு, மிஷின் சத்தத்தில் பகல் கழிந்துவிடும். மிஷினை நிறுத்தியதும் காதில் ஒரு ‘ஙொய்’ இருக்கும். அது அடங்கினால் வீட்டில் வேறு சத்தமே இல்லை.

அப்படி ஒரு நாள் போன் ரிப்பேருக்குப் புதுக்கோட்டையில் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரப் பையனுக்கு முப்பது வயதுக்குள்தான். ஏதோ பேச்சில் பழைய படங்களைப் பற்றி நான் ஆரம்பிக்க, அவர் வாயைப் பிளந்து கேட்டார். “மாமா, நீங்க இருக்க வேண்டிய எடம் வேற” என்று என் போனை வாங்கி அவர் நடத்துகிற குரூப்பில் சேர்த்துவிட்டார். நாற்பது பேர் இருந்தார்கள். எல்லாம் நம் மாவட்டத்து ஆட்கள். பாதிப் பேர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள்.

முதலில் நான் படிக்க மட்டும் செய்தேன். படிப்பது பார்ப்பது ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடியோவில் பேசுகிற விமர்சகர்களைத் தொடமாட்டேன். நடுவில் படத்துண்டு காட்டிவிடுவார்கள். எழுத்தில் இருப்பதை மட்டும் படிப்பேன். படிக்கப் படிக்க விமர்சகர்களின் கை எனக்குப் பழகிவிட்டது. ஒருவருக்குச் சண்டைப் படம் என்றாலே ஆகாது. அவர் இரண்டு போட்டால் இரண்டே முக்கால் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் அம்மா செண்டிமெண்டில் விழுந்துவிடுவார். அவர் மூன்றரை போட்டால் அரை மார்க்கைக் கழிக்க வேண்டும். ஒரு நாள் குரூப்பில் இரண்டு நடிகர்களின் ரசிகர்கள் அடித்துக்கொண்டபோது, ‘இந்த விமர்சகர் இப்படித்தான் போடுவார், அதைத் தள்ளிப் பார்த்தால் இந்தப் படம் இரண்டே முக்கால்’ என்று எழுதினேன். படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம், ‘சரியான மார்க்கு, சரியான மார்க்கு’ என்றார்கள்.

அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. பார்த்தேன் என்று நான் ஒரு தடவைகூட எழுதவில்லை. பார்க்கவில்லை என்றும் எழுதவில்லை. யாரும் கேட்கவுமில்லை. மார்க்கு போடுகிறவன் பார்க்காமலா போடுவான்?

அந்தக் குரூப்பில் எனக்கு நெருக்கமானவர்கள் மூன்று பேர். ஒருவர் கடைக்காரர். இன்னொருவர் இலுப்பூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சர்; என்னை ‘அண்ணே’ என்பார். எந்தப் படத்துக்கும் இரண்டுக்குக் கீழே போடமாட்டார், “ஃபெயில் போட மனசு வராதுண்ணே” என்பார். மூன்றாமவர் கோட்டைப்பட்டினத்துத் தம்பி. அரபு நாட்டில் ஒரு குடோனில் வேலை. என்மேல் அவருக்கு ஒரு பிரியம். வெள்ளிக்கிழமை காலையில் அவரிடமிருந்துதான் முதல் செய்தி வரும். “மாமா, இந்தப் படம் போலாமா? எங்களுக்கு வாரத்துல ஒரு நாளுதான் லீவு. தேறுமா?” நான் படித்துப் பார்த்துச் சொல்வேன். போ என்றால் போவார், வேண்டாம் என்றால் போகமாட்டார்.

ஒரு சம்பவத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரிய நடிகர் படம் ஒன்று வெளிவந்த அன்று, ஆலங்குடிக்காரர் ஒருவர் காலை எட்டே முக்காலுக்கே ‘ஒன்றரை மார்க்கு, மொக்கை’ என்று போட்டார். கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

“முதல் காட்சியே ஒம்பது மணிக்குத்தான் ஆரம்பிக்கும். நீ எங்கிட்டு உக்காந்து பாத்த? புரொஜெக்டருக்குள்ளயா?”

“டிரெய்லர் பாத்தாலே தெரியும்ல.”

“படமே பாக்காம மார்க்கு போடுறவனுக்கு இங்க எடமில்ல. கெளம்பு.”

அவரைத் தூக்கிவிட்டார். குரூப்பே கை தட்டியது. அவருக்காகச் சண்டை போட்ட ஒருவரைத் தவிர எல்லாரும் கைதட்டுப் பொம்மை போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு மிஷின் பக்கம் திரும்பினால் ஆத்தா படம். அதற்கும் நான்தான் காலையில் பூ வைத்திருந்தேன். அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. வெந்தயம் அரைக்கக் கொடுத்த அம்மாளுக்கு மல்லியைக் கட்டிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்த நாட்கள் எத்தனையோ. சொன்னால் என்னையும் தூக்குவார்கள். பிறகு வெள்ளிக்கிழமை காலையில் என்னை யார் தேடுவார்கள்? மூன்று வேளையும் ஒரே சோற்றைத் தின்கிறவனுக்கு நாலு பேர் ‘மாமா, மாமா’ என்று கூப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று, வீட்டில் ஆள் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் கோட்டைப்பட்டினத்துத் தம்பி லீவில் வந்தார். வந்ததும் குரூப்பில் எழுதினார்: “சனிக்கிழமை காலக் காட்சி, புதுக்கோட்டையில. நானு, கடைக்காரரு, டீச்சர், மில்லு மாமா. மாமா பக்கத்துல உக்காந்து ஒரு படம் பாக்கணும். அவரு எங்க மார்க்க குறைக்கிறாருன்னு நேர்ல பாக்கணும்.” கடைக்காரர் உடனே நாலு டிக்கெட் எடுத்துவிட்டார்.

மனைவிக்குப் போன் செய்தேன். பின்னால் குழந்தை எதையோ போட்டு உருட்டிக்கொண்டிருந்தது.

“பூப் போட்டுப் பாருங்களேன்” என்றாள். “ஆத்தா என்ன கல்லா? புள்ளைக்கு நாலு வயசாகப் போவுது. போதும்டான்னு சொன்னாலும் சொல்லுவா. ஏய், அதத் தொடாத! நான் அப்பறம் பேசுறேங்க.”

வெள்ளிக்கிழமை மில்லைப் பூட்டிவிட்டு நார்த்தாமலைக்குப் போனேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வாழை இலைக் கிழிசலில் ஒரே மாதிரி கட்டி ஆத்தா காலடியில் வைத்தார் பூசாரி. வெள்ளை வந்தால் படம் பார்க்க உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. கை நீட்டினேன். பக்கத்தில் போனதும் கை நின்றுவிட்டது.

வெள்ளை வந்து நான் படம் பார்த்து, அடுத்த வாரம் பேத்திக்குக் காய்ச்சல் வந்தால் என் மனசு என்ன பாடுபடும்? சிவப்பு வந்தால் ஆத்தாமேல் எனக்கு ஒரு வருத்தம் வந்துவிடும், அதுவும் ஆகாது. இன்னொன்றும் அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. வெள்ளையே வந்தாலும், பார்க்காமல் போட்ட மூன்று வருடத்து மார்க்கை அந்தப் பூ என்ன செய்யும்? அது நான் ஆத்தாவுக்குச் செய்த தப்பு இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் செய்தது. அதற்கு இங்கே வந்து நிற்பதில் அர்த்தமில்லை.

“சட்டுன்னு எடுங்கய்யா, பின்னால ஆளு நிக்குதுல்ல” என்றார் பூசாரி.

“வேணாம் சாமி. ஆத்தாகிட்டயே இருக்கட்டும்” என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சனிக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை பஸ் ஏறினேன். தியேட்டருக்கு எதிர்ச்சாரியில் டீக்கடை. மூன்று பேரும் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். டீச்சரைக் குடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக் குடை, விளிம்பில் பெயின்ட்டால் ஏதோ எழுதியிருந்தது. கோட்டைப்பட்டினத்துத் தம்பி நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். மீசையெல்லாம் சரியாக வளரவில்லை. ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“மாமா, நான் நெனச்ச மாதிரியே இருக்கீங்க. என்ன, கண்ணாடி மட்டும் நெனைக்கல.”

“மாவு தட்டாம வந்துட்டாரு பாரு” என்றார் கடைக்காரர். நிஜமாகவே என் காதோரம் மாவு இருந்தது.

தம்பி ஒரு பையைக் கொடுத்தார். பேரீச்சம்பழம். “அங்கேருந்தே ஒங்களுக்குன்னு எடுத்து வச்சேன். பேத்திக்குக் குடுங்க.” நான் வாங்கிக்கொண்டேன். வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பத்து நிமிடம் சொல்லாமல் அவர்களோடு சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பத்து நிமிடத்தைத் திருடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் அப்படி ஒரு பத்து நிமிடம் எனக்குக் கிடைத்ததில்லை.

டீயைக் குடித்துக் கிளாஸை வைத்ததும் கடைக்காரர், “வாங்க, பேரு போடுறதுக்குள்ள போயிறணும்” என்றார்.

“நான் உள்ள வரல தம்பி.”

“ஏன் மாமா, வயிறு கியிறு சரியில்லையா?”

“நான் படம் பாக்குறதில்ல. நாலு வருசமாச்சு. ஆத்தாவுக்கு வேண்டிக்கிட்டேன். எம் மகளுக்குப் புள்ளை கேட்டு.”

“எந்தப் படத்த?”

“எந்தப் படத்தயும்.”

கடைக்காரர் சிரித்தார். “வெளையாடாதீங்க. போன வாரம் ரெண்டே முக்கா போட்டீங்க. எடைவேளைக்கு முன்னாடி வர்ற பஸ் சண்டைய நாலு வரி எழுதுனீங்க.”

“ஏழெட்டுப் பேரு எழுதுனதப் படிச்சுட்டு எழுதுனது. எல்லாமே அப்படித்தான். மூணு வருசமா.”

சிரிப்பு நின்றுவிட்டது. டீச்சர் மெதுவாக, “அண்ணே, அப்ப காப்பியடிச்சிருக்கீங்க” என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிக் குடையை விரிக்கப் போய், மூடினார்.

“ஆலங்குடிக்காரன நான் தூக்குனேன்ல?” என்றார் கடைக்காரர். “நீங்க கை தட்டுனீங்க மாமா.”

“தட்டுனேன்.”

“அவன் ஒரு படத்துக்குப் போட்டான். நீங்க மூணு வருசம். நம்ம குரூப்புல இருக்குற பெரிய ரசிகரே படம் பாக்காதவருன்னு வெளிய சொன்னா நம்மள என்னன்னு சொல்லுவானுக?”

எனக்குத் தலை நிமிரவில்லை. ஆனால் நான் பயந்துகொண்டிருந்தது கடைக்காரருக்கு அல்ல. கோட்டைப்பட்டினத்துத் தம்பி காலி டீக்கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்.

“மாமா, ஒரு அப்பா மகன் படம் வந்துச்சே, போன நோம்புக்கு முன்னாடி. லாரி ஓட்டுற அப்பா. அதுக்கு ஒன்னே முக்கா போட்டீங்க. நெனவிருக்கா?”

நினைவிருந்தது. இரண்டு விமர்சகர்கள் அந்தப் படத்தைக் கிழித்திருந்தார்கள். மற்றவர்கள் எழுதுவதற்குள் நான் அவசரப்பட்டுவிட்டேன்.

“அன்னைக்கு எங்க ரூம்ல நாலு பேரு கெளம்பி நின்னோம். வண்டிகூட சொல்லியாச்சு. ஒங்க மார்க்கு வந்துச்சு. ‘மாமா வேணாங்குறாரு, விடுங்கடா’ன்னு நான்தான் நிப்பாட்டுனேன். துணியத் தொவச்சுட்டுப் படுத்துட்டோம். அடுத்த வாரம் அதுல ஒருத்தனுக்கு விசா முடிஞ்சு ஊருக்கு அனுப்பிட்டாங்க. அஞ்சு வருசம் ஒன்னாக் கெடந்தோம் மாமா. அவனுக்கு எப்பவும் லீவு வேற நாளு, அன்னைக்குத்தான் ஒன்னா அமஞ்சுச்சு. சேந்து ஒரு படம் பாத்ததில்ல. இப்ப வரும்போது ஃபிளைட்ல அந்தப் படத்தப் போட்டான். பாத்தேன். நல்ல படம் மாமா அது.”

“தப்புத்தான் தம்பி” என்றேன்.

“நேர்ச்ச வச்சா முறிக்கக் கூடாது. அது சரி. எங்கம்மாவும் நாகூருக்கு நேந்துக்கிட்டு வருசக்கணக்கா மீன் தொடல. அதுக்கு நான் ஒன்னுஞ் சொல்லமாட்டேன். எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல? ‘நான் பாக்கலடா, படிச்சதச் சொல்றேன்’னு ஒரு வார்த்த. நான் அப்பயும் ஒங்களத்தான் கேட்டிருப்பேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

நேரமாகிவிட்டது. “போங்க, பேரு போட்டுறப் போறான்” என்று நானே அவர்களைத் தள்ளினேன். கடைக்காரர் நாலாவது டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பார்த்தார். “ஒரு சீட்டு சும்மா கெடக்கட்டும், பைய வச்சுக்குவோம்” என்றார் டீச்சர். ரோட்டைத் தாண்டிப் போனார்கள். தம்பி ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினார். அது ‘வாரேன்’ என்பதா, ‘போங்க’ என்பதா என்று தெரியவில்லை.

இரண்டாவது டீ ஒன்று சொல்லி உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து விசில் சத்தம் வந்தது. நடிகர் பெயர் போடுகிறான் போல. அந்தச் சத்தத்துக்கு என் உடம்பு தானாக எழுந்துவிட்டது. கால் ரோட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டது. அதற்குமேல் அங்கே இருக்கக் கூடாது என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். எங்கள் ஊர் வழியாகப் போகிற திருச்சி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டே கிடைத்தது.

மதியம் மில்லில் உட்கார்ந்து குரூப்புக்கு எழுதினேன். மூன்று பேருக்குச் சொல்லிவிட்டு மீதிப் பேரை ஏமாற்றுவதாகாது. எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் இப்படிப் போட்டேன்: ‘எல்லாருக்கும் வணக்கம். நான் நாலு வருடமாக எந்தப் படமும் பார்க்கவில்லை. சாமிக்கு வேண்டுதல். நான் இதுவரை போட்ட மார்க்கு எல்லாம் மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் போட்டது. ஆலங்குடித் தம்பியை வெளியேற்றியபோது நானும் கை தட்டினேன். அது மிகவும் தப்பு. அவரைத் திரும்பச் சேர்க்கவும். என்னை எடுத்துவிடவும். மன்னிக்கவும்.’

அப்புறம் மிளகாய் அரைக்க ஓர் அம்மாள் வந்தார். அரைத்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், குரூப்பில் சிரிப்புப் பொம்மையாக இருந்தது. ‘மாமா எல்லாரையும் வச்சு செஞ்சுட்டாரு.’ ‘பாக்காமலே இப்படின்னா, பாத்திருந்தா?’ ‘இனிமே விமர்சகர்களுக்கு மாமா மார்க்கு போடட்டும்.’ ஒருவர் மட்டும், ‘மூணு வருசமா முட்டாளாக்கியிருக்கான் கிழவன்’ என்று எழுதியிருந்தார். எழுதினவர் ஆலங்குடிக்காரருக்காகச் சண்டை போட்டவர்தான். அவர் சொன்னதில் தப்பில்லை.

சாயங்காலம் கடைக்காரர் எழுதினார்: ‘ஆலங்குடி பிரதர சேத்தாச்சு. மாமா இருக்கட்டும். ஆனா மார்க்கு மட்டும் போட வேணாம்.’

என்னை எடுத்திருந்தால் ஒருவேளை நன்றாக இருந்திருக்கும். இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் பத்தி கொளுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பழக்கத்தில் ஏழெட்டு விமர்சனத்தையும் படித்தேன். மனதில் இரண்டேகால் என்று வந்தது. அதை யாரிடம் சொல்வது? மனைவிக்குப் போன் போட்டு, “இன்னைக்கு வந்த படம் ரெண்டேகாலுதான் தேறும்” என்றேன். “ம்… ம்…” என்றாள். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். “யாரு, தாத்தாவா?” என்று குழந்தை கேட்பது காதில் விழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தக் குரலுக்காகத்தானே எல்லாம். மனைவி, “இவ வாயத் தொறக்கும்போதே ஊட்டிறணும், வைங்க” என்று வைத்துவிட்டாள்.

பேரீச்சம்பழத்தைப் பார்சலில் ஓசூருக்கு அனுப்பினேன். ஒன்றுகூட எடுத்துச் சாப்பிட மனம் வரவில்லை.

தம்பி லீவு முடிந்து திரும்பிப் போனதை மற்றவர்கள் குரூப்பில் ‘நல்லபடியா போய்ட்டு வாங்க’ என்று எழுதியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று என்ன கட்டாயம்? நான் நார்த்தாமலைக்குப் போனபோது அவருக்கும் சேர்த்து ஒரு சூடம் கொளுத்தினேன். அவர் சாமி வேறு என்றாலும் பிரயாணம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இரண்டு மாதம் வெள்ளிக்கிழமை காலைகள் அப்படியே போயின. குரூப்பில் சண்டை வழக்கம்போல நடக்கும். இரண்டரையா, மூன்றா? விமர்சகர் கைக்கூலி வாங்கினாரா, இல்லையா? ஆலங்குடிக்காரர் இப்போது ஒழுங்காகப் பார்த்துவிட்டு வந்து, பத்துப் பத்து வரி எழுதுகிறார். நன்றாகவே எழுதுகிறார். சில நேரம் ஒரு விமர்சகரின் மார்க்கை அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளும்போது விரல் துடிக்கும். போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மில்லைப் பாதி சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது தம்பியிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு போட்டோ வந்தது. ஏதோ ஒரு தியேட்டர் மாடிப்படியில் மூன்று பேர், நல்ல சட்டை போட்டு, தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் அவர். பின்னால் அன்றைக்கு வெளியான படத்தின் போஸ்டர். கீழே ‘போய்ட்டு வந்தோம் மாமா’ என்று எழுதியிருந்தார்.

அந்தப் படத்துக்கு அன்றைக்குக் காலையில் விமர்சகர்கள் பெரும்பாலும் ஒன்றரைதான் போட்டிருந்தார்கள். அவர் என்னையும் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. கிளம்பிப் போயிருக்கிறார். லீவு நாள் வீணாகவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. கை கழுவிவிட்டு வந்து, எழுத்துக் கூட்டி எழுதினேன்: ‘எப்படி இருந்தது தம்பி? நான் பார்க்கவில்லை.’

அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று மேலே காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. கதையைச் சொல்வார், எந்தக் காட்சி நன்றாக இருந்தது, எங்கே இழுத்தது என்று சொல்வார் என்று, சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

‘நல்லா சிரிச்சோம் மாமா’ என்று வந்தது. அவ்வளவுதான்.

இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு ஆறிய சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டேன். வெளியே யாரோ டப்பாவால் கதவைத் தட்டி, “அண்ணே, இருக்கீங்களா? மல்லி அரைக்கணும்” என்றார்கள். எழுந்துபோய் மிஷினைப் போட்டேன்.